வெளிநாட்டில் இருந்தபடி ஐரோப்பியத் தேர்தல்களில் வாக்களிப்பது எப்படி: நாடுவாரியாக முழுமையான வழிகாட்டி

ஐரோப்பிய நாடு ஒன்றின் கடவுச்சீட்டு கையில் இருந்தால், எங்கே குடியிருந்தாலும் அந்த நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியொரு பொது விதி கிடையாது. பாரிஸிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பிய பிரெஞ்சுக் குடிமகனுக்காகப் பேச நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினரே உண்டு. கோபன்ஹேகனிலிருந்து லண்டனுக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்த டென்மார்க் குடிமகனுக்கோ, பொதுத்தேர்தலில் பெரும்பாலும் வாக்கே இல்லை. ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2012-இல் கிரேக்க நாட்டு வழக்கொன்றில், வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கு அங்கிருந்தே வாக்களிக்க வழிசெய்து தர வேண்டிய கட்டாயம் அரசுகளுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஒவ்வொரு நாட்டின் சட்டத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

உரிமை இருந்தும் வாக்கு வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, பெயர் பட்டியலில் இருப்பதில்லை. மற்றொன்று, உறை உரிய நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. தேர்தல் தேதி வந்த பிறகு இவற்றைச் சரிசெய்ய அவகாசம் மிகக் குறைவு. கீழே சொல்லப்படும் வேலைகளில் பாதியைத் தேர்தல் பேச்சே இல்லாத காலத்தில் முடித்துவிட வேண்டும்.

முதலில் குடியுரிமை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்

நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல பின்னர் பிரிட்டனுக்கு இடம் மாறின. இவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி மிக அவசியம்.

நெதர்லாந்துக் குடிமகன் தானாக விண்ணப்பித்துப் பிரிட்டன் குடியுரிமை பெற்றால், சில விதிவிலக்குகள் தவிர, நெதர்லாந்துக் குடியுரிமை போய்விடும். வேறு வகையில் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நெதர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வெளியே தொடர்ந்து 13 ஆண்டுகள் வாழ்ந்து, அதற்குள் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காவிட்டால் குடியுரிமை தானாகவே இழக்கப்படும். (2022 ஏப்ரலுக்கு முன் இது 10 ஆண்டுகளாக இருந்தது.) பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனும் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் அங்கே வாழும் காலமும் இந்தக் கணக்கில் சேரும். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் பிரெக்ஸிட்டுக்குப் பின், அந்தத் தேதிக்கு முன், முன்கூட்டியே அனுமதி வாங்காமல் பிரிட்டன் குடியுரிமை எடுத்தவர்கள் ஜெர்மன் குடியுரிமையை இழந்திருப்பார்கள். புதிய சட்டம் அதைத் தானாகத் திருப்பித் தருவதில்லை. ஸ்விட்சர்லாந்துக்கு வெளியே பிறந்து வேறு குடியுரிமையும் உள்ள பிள்ளையை 25 வயதுக்குள் ஸ்விஸ் அதிகாரிகளிடம் பதிவு செய்யாவிட்டால் ஸ்விஸ் குடியுரிமை நழுவிவிடும்.

பிரான்ஸ்: புதுச்சேரிக்கும் உண்டு ஒரு தொகுதி

வெளிநாட்டுக் குடிமக்களை மிகவும் மதித்து நடத்தும் அமைப்பு பிரான்ஸுடையது. 2012 முதல் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கென 11 மக்களவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். செனட்டில் 12 பேர் இருக்கிறார்கள். இந்தியா 11-ஆம் தொகுதியில் அடங்கும். ஆசியாவின் பெரும்பகுதியும் ரஷ்யாவும் ஓசியானியாவும் அதே தொகுதிதான். 1962-இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இந்தத் தொகுதியின் வாக்காளர்களே.

செய்ய வேண்டியவை வரிசையாக:

1. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் (வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ளதில்) வெளிநாடுவாழ் குடிமக்கள் பதிவேட்டில் பெயரைப் பதியுங்கள். இணையம் வழியாகவே செய்யலாம். மறுப்புத் தெரிவிக்காவிட்டால், இதன் தொடர்ச்சியாகவே துணைத்தூதரக வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேரும். பதிவேடு அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் முடிவுத் தேதியைக் குறித்து வையுங்கள்.

2. 2019 முதல் ஒருவர் இரண்டு பட்டியல்களில் இருக்க முடியாது. பிரான்ஸில் ஒரு நகராட்சியின் பட்டியலிலும் துணைத்தூதரகப் பட்டியலிலும் ஒருசேரப் பெயர் வைத்திருந்த பழைய வழக்கம் இப்போது இல்லை. எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்பதை அரசின் பொதுச்சேவை இணையதளத்தில் பிறந்த தேதி முதலிய விவரங்களைக் கொடுத்துப் பார்க்கலாம். பிரான்ஸுக்குத் திரும்பியவர் புதிய நகராட்சியில் பதியாமல் விட்டால், வாக்கெடுப்பு நாளில் பெயர் இன்னும் புதுச்சேரியில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

3. பட்டியலில் சேரக் கடைசி நாள், வழக்கமான தேர்தல்களில் வாக்கெடுப்புக்கு முந்தைய 6-வது வெள்ளிக்கிழமை.

4. வாக்களிக்கும் முறை தேர்தலைப் பொறுத்தது. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் நேரில் வாக்களிக்கலாம், அல்லது உங்கள் சார்பில் வாக்களிக்கும் பதிலாள் ஒருவருக்கு அதிகாரம் தரலாம். இணைய வாக்கோ தபால் வாக்கோ இவற்றுக்குக் கிடையாது. மக்களவைத் தேர்தலுக்கு இணைய வாக்கும் தபால் வாக்கும் உண்டு. துணைத்தூதரக ஆலோசகர் (அந்தந்தப் பகுதியில் வாழும் பிரெஞ்சுக்காரர்களின் பிரதிநிதி) தேர்தலில் இணைய வாக்கு உண்டு, தபால் இல்லை.

இணைய வாக்கு 2012-இல் வந்தது, 2017-இல் இணையத் தாக்குதல் அச்சத்தால் நிறுத்தப்பட்டது, 2022-இலும் 2024-இலும் மீண்டும் நடந்தது. இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், அடையாளக் குறியீடு மின்னஞ்சலில் வருகிறது. கடவுச்சொல் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. பதிவேட்டில் பழைய கைப்பேசி எண் இருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்தது. இந்தியாவில் எண் மாற்றிய பிறகு பதிவேட்டில் மாற்றாமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது. 2022-இல் அர்ஜென்டினாவில் பல வாக்காளர்களுக்குக் கடவுச்சொல் குறுஞ்செய்தி போய்ச்சேரவில்லை. லத்தீன் அமெரிக்காவை உள்ளடக்கிய 2-ஆம் தொகுதியின் முடிவையே அரசியலமைப்பு மன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்து, தேர்தல் மறுபடி நடந்தது. எண்ணும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். இணைய வாக்குப்பதிவு, வாக்கெடுப்பு ஞாயிறுக்குச் சில நாட்கள் முன்பே மூடப்படும். இணையத்தில் வாக்களித்தவர் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் அதை மாற்ற முடியாது.

பதிலாள் முறையைத் தேர்ந்தால், உங்கள் பதிலாள் நீங்கள் பதிவான வாக்குச்சாவடிக்குத்தான் போக வேண்டும். பாரிஸில் இருக்கும் அண்ணனுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டு உங்கள் பெயரைப் புதுச்சேரிப் பட்டியலில் வைத்திருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இது அடிக்கடி நடக்கும் குழப்பம்.

ஜெர்மனி: ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக விண்ணப்பம்

ஜெர்மனியில் குடியிருப்புப் பதிவை நீக்கிவிட்டு வெளியேறியவரின் பெயர் பட்டியலில் தானாக இருக்காது. பதிவு இன்னும் அங்கேயே உள்ளவருக்கு இந்தச் சிக்கல் இல்லை; வழக்கமான தபால் வாக்கு கேட்டால் போதும்.

வெளியேறியவருக்கு உரிமை உண்டா என்பதற்கான அளவுகோல் இது: 14 வயது நிறைந்த பிறகு ஜெர்மனியில் குறைந்தது 3 மாதம் இடைவெளியின்றி வாழ்ந்திருக்க வேண்டும், அந்த வாழ்க்கை 25 ஆண்டுகளுக்கு முற்பட்டதாக இருக்கக் கூடாது. 13 வயதில் பெற்றோருடன் லண்டனுக்குப் போன பிள்ளை ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் இந்த வழியில் தகுதி பெறாது. 2000-களின் தொடக்கத்தில் புறப்பட்ட பெரியவர்களுக்கு 25 ஆண்டு இப்போதுதான் முடிந்துகொண்டிருக்கிறது. இந்த அளவுகோலில் அடங்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஜெர்மன் அரசியல் நிலைமைகளை நேரடியாக அறிந்தவராகவும் அவற்றால் தாமே பாதிக்கப்படுபவராகவும் இருப்பதை விண்ணப்பத்தில் விளக்க வேண்டும். எல்லை கடந்து ஜெர்மனியில் தினமும் வேலை செய்பவர் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஜெர்மன் செய்திகளைப் படிக்கிறேன் என்பது மட்டும் போதாது.

விண்ணப்பம் கடைசியாக வாழ்ந்த நகராட்சிக்கு, வாக்கெடுப்புக்கு 21 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். தூதரகத்துக்கு அனுப்பினால் பயனில்லை, தூதரகத்தில் வாக்குச்சாவடியும் கிடையாது. சென்ற தேர்தலில் விண்ணப்பித்தது இந்தத் தேர்தலுக்குச் செல்லாது. விண்ணப்பித்தால் கூடவே தபால் வாக்குக்கும் கேட்டதாகிவிடும். நகராட்சி அனுப்பும் தபால் கட்டுக்குள் வாக்குச்சீட்டும் அதற்கான உறையும் சிவப்பு நிற வெளியுறையும் வாக்களிப்புச் சான்றும் இருக்கும். வாக்குச்சீட்டை அதன் உறைக்குள் இட்டு ஒட்டுங்கள். சான்றில் உள்ள உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அதை உள்ளுறைக்குள் வைக்காமல் சிவப்பு உறைக்குள் தனியாக வையுங்கள். கையெழுத்து இல்லாவிட்டாலோ சான்று உள்ளுறைக்குள் போய்விட்டாலோ வாக்கு தள்ளப்படும். ஜெர்மனிக்குள் இந்த உறைக்குத் தபால்தலை வேண்டாம். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் நீங்கள்தான் கட்டணம் செலுத்த வேண்டும். வாக்கெடுப்பு நாள் மாலை 6 மணிக்குள் அது போய்ச்சேர வேண்டும். தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது.

2025 பிப்ரவரி 23 தேர்தல் இந்த முறையின் பலவீனத்தைக் காட்டியது. முன்கூட்டியே நடந்த தேர்தல் என்பதால் கெடுக்கள் சுருங்கின. வெளிநாட்டிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் சேர்ந்தார்கள். ஆனால் வாக்குச்சீட்டுகள் அச்சாகி அனுப்பப்பட்டதே பிப்ரவரியில்தான். பலருக்கு அவை தேர்தலுக்குப் பிறகு வந்து சேர்ந்தன. கடைசி நாள் வரை காத்திராமல் தேர்தல் அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிப்பதும், திருப்பி அனுப்ப விரைவுத் தபாலுக்குப் பணம் ஒதுக்குவதும் இங்கே அவசியம்.

பிரிட்டன்: 15 ஆண்டு வரம்பு போய்விட்டது

2024 ஜனவரி 16 முதல், எத்தனை ஆண்டு முன் வெளியேறியிருந்தாலும் பிரிட்டன் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதற்கு முன் 15 ஆண்டு வரம்பு இருந்தது. இத்தாலியில் வாழ்ந்த இரண்டாம் உலகப்போர் வீரர் ஹாரி ஷிண்ட்லர் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் போராடினார். வரம்பு விலகும் நாளுக்கு ஓராண்டுகூட இல்லாத நிலையில், 2023-இல், 101 வயதில் காலமானார்.

உரிமை முன்பு பதிவாகியிருந்த முகவரியுடனோ, பதிவே இல்லாவிட்டால் கடைசியாக வாழ்ந்த முகவரியுடனோ இணைகிறது. பிரிட்டனில் ஒருபோதும் வாழாத, பதிவாகாத பிரிட்டன் குடிமகனுக்கு இது பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இலங்கை, இந்தியக் குடிமக்கள் பிரிட்டனில் வசிக்கும்வரை காமன்வெல்த் குடிமக்களாக எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்க முடியும். ஆனால் பிரிட்டன் குடியுரிமை பெறாமல் ஊர் திரும்பினால் அந்த உரிமை அங்கேயே நின்றுவிடும்.

பதிவு அரசு இணையதளத்தில் செய்யப்படுகிறது. பிறந்த தேதி, நேஷனல் இன்சூரன்ஸ் எண் (பிரிட்டனின் சமூகக் காப்பீட்டு எண்), பழைய முகவரி, அங்கிருந்து வெளியேறிய காலம் ஆகியவை வேண்டும். 20, 30 ஆண்டு முன் வெளியேறியவர்களின் பெயரைப் பழைய பட்டியலில் அதிகாரியால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அப்போது பழைய வரி ரசீது, வங்கிக் கடிதம் போன்ற ஆவணம் கேட்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் வேறொரு தகுதியுள்ள வாக்காளரின் சான்றுரை தேவைப்படும். இதற்கு வாரங்கள் ஆகும். பதிவு அதிகபட்சம் 3 ஆண்டு செல்லும். நவம்பர் 1-ஆம் தேதியில் காலாவதியாகும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் பழைய மின்னஞ்சலுக்குப் போனால் பெயர் சத்தமில்லாமல் நீங்கிவிடும். தபால் வாக்கு ஏற்பாட்டையும் அப்போதே புதுப்பிக்க வேண்டும்.

கெடுக்கள்: பதிவுக்கு வாக்கெடுப்புக்கு 12 வேலைநாள் முன்பு, தபால் வாக்குக்கு 11 வேலைநாள் முன்பு மாலை 5 மணி, பதிலாள் வாக்குக்கு 6 வேலைநாள் முன்பு. சட்டப்படி இவை போதுமென்றாலும் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்குத் தபால் வாக்கு பெரும்பாலும் பயன்தராது. 2024-இல் தேர்தல் அறிவிப்பு மே 22, வேட்புமனு முடிவு ஜூன் 7, வாக்கெடுப்பு ஜூலை 4. வேட்பாளர் பட்டியல் முடிந்த பிறகுதான் சீட்டு அச்சாகும். எனவே போய் வர இரு வழிக்கும் சேர்த்து நான்கு வாரம்கூட இல்லை. ஆசியாவில் இருப்பவர்கள் பதிலாள் முறையைத் தேர்வதே பாதுகாப்பு. ஒரு பதிலாள் அதிகபட்சம் 4 பேருக்காக வாக்களிக்கலாம். அவர்களில் வெளிநாட்டு வாக்காளர் அல்லாதோர் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. குடும்பத்தில் ஐவர் ஒரே மாமாவை நியமிக்க முடியாது என்று பொருள். அவர் சாவடிக்குத் தன் புகைப்பட அடையாள அட்டையை எடுத்துப் போக வேண்டும். வடக்கு அயர்லாந்து முகவரியில் பதிவானவர்களுக்கு வெளிநாட்டுக்குத் தபால் வாக்கே அனுப்பப்படாது, பதிலாள் மட்டும்தான்.

நெதர்லாந்து, ஸ்விட்சர்லாந்து, வடஐரோப்பா

நெதர்லாந்தில் வெளிநாட்டு வாக்காளர் பதிவை ஹேக் நகராட்சி கவனிக்கிறது. ஒருமுறை பதிந்தால் நிலையாக இருக்கும். முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும். கடைசி நாள் வாக்கெடுப்புக்கு 6 வாரம் முன்பு. தபால் வாக்குச் சான்று வீட்டுக்குத் தபாலில் வரும். வாக்குச்சீட்டை மின்னஞ்சலில் பெற்று அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது தொலைதூரத்தில் இருப்போருக்கு நல்ல வசதி. கையெழுத்திட்ட சான்றுடன் நெதர்லாந்துக் குடியுரிமையைக் காட்டும் ஆவணத்தின் நகலையும் இணைக்க வேண்டும். நகலை மறந்த உறைகள் எண்ணப்படுவதில்லை.

ஸ்விட்சர்லாந்தில் ஆண்டுக்கு நான்கு முறை வரை வாக்கெடுப்பு நடப்பதால், தூதரகத்தில் பதிந்து வாக்காளர் பட்டியலில் சேர்ந்தவருக்குக் கட்டுகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். தாமதம்தான் எப்போதும் உள்ள குறை. பாஸல் நகரம், சென்ட் காலன், துர்காவ் மாகாணங்களில் 2023 ஜூன் முதலும் கிராபுண்டனில் 2024 முதலும் இணைய வாக்குச் சோதனை தொடங்கியது. உங்கள் வாக்குரிமை அந்த மாகாணங்களில் ஒன்றைச் சேர்ந்திருந்து, அங்கே சோதனை இப்போதும் நடந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஸ்வீடனில் வெளியேறிய பிறகு 10 ஆண்டு பெயர் பட்டியலில் தானாக இருக்கும். பிறகு வரித்துறைக்குத் தெரிவித்தால் மேலும் 10 ஆண்டு. தபால் வாக்கை 45 நாள் முன்பிருந்தே அனுப்பலாம். 18 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், ஸ்வீடனுக்கு வெளியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். நார்வேயிலும் 10 ஆண்டு வரம்பு இருக்கிறது, அதற்கு மேல் விண்ணப்பம் தேவை. ஃபின்லாந்தில் வரம்பில்லை; 2019 முதல் தபால் வாக்கும் உண்டு, அங்கும் இரு சாட்சிகள்.

டென்மார்க்கின் அரசியலமைப்பு நிரந்தர வசிப்பிடத்தைக் கேட்கிறது. 2 ஆண்டுக்குள் திரும்பும் எண்ணத்துடன் போனவர்கள், டென்மார்க் நிறுவனத்தால் அனுப்பப்பட்டவர்கள், படிக்கப் போனவர்கள் போன்றோர் மட்டும் விண்ணப்பித்துப் பட்டியலில் நிற்கலாம். அயர்லாந்தும் இப்படித்தான் கண்டிப்பானது. மால்டாவில் வாக்களிக்க விமானம் ஏறித்தான் வர வேண்டும்.

தென் ஐரோப்பா: உறைக்குள் எது எங்கே

இத்தாலிக் குடிமக்கள் வெளிநாடுவாழ் இத்தாலியர் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2020 சீர்திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டுத் தொகுதிகளுக்கு 8 மக்களவை இடமும் 4 செனட் இடமும் உள்ளன. நிரப்பிய வாக்கு வாக்கெடுப்புக்கு முந்தைய வியாழன் மாலை 4 மணிக்குள் துணைத்தூதரகத்தை அடைய வேண்டும். வாக்குச்சீட்டைச் சிறிய வெள்ளை உறையில் இட்டு மூடுங்கள். அதன் மேல் எதுவும் எழுதாதீர்கள். சான்றிலிருந்து கிழித்த வாக்குத் துண்டையும் அந்த உறையையும் பெரிய உறைக்குள் வையுங்கள். துண்டைச் சிறிய உறைக்குள் வைத்தால் யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வெளிப்படும் என்பதால் வாக்கு செல்லாது.

ஸ்பெயினில் 2011 முதல் ஒவ்வொரு முறையும் வாக்குச்சீட்டைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பங்கேற்பு சரிந்ததால் 2022-இல் அந்த விதி நீக்கப்பட்டது. இப்போது சீட்டுகள் தாமாக வரும்; துணைத்தூதரகப் பெட்டியில் நேரில் போடவும் செய்யலாம்.

போர்ச்சுகலில் 2022 ஜனவரித் தேர்தலின்போது நடந்தது எல்லோரும் அறிய வேண்டியது. ஐரோப்பாவில் வாழும் போர்ச்சுகீசியரின் வாக்குகளில் அடையாள அட்டை நகல் இல்லாதவை, இருந்தவற்றுடன் ஒரே பெட்டியில் கலந்துவிட்டன. பிரிக்க வழியில்லாமல் 1,57,000 வாக்குகள், அதாவது அங்கு பதிவானவற்றில் சுமார் 80 விழுக்காடு, செல்லாதவை ஆக்கப்பட்டன. அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட, மார்ச்சில் மறுதேர்தல் நடந்தது. நகலைச் சரியாக இணைத்தவர்களின் வாக்கும் அதில் போயிற்று. நீங்கள் அனுப்பும் உறையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐரோப்பிய நாடாளுமன்றமும் உள்ளாட்சியும்

ஒன்றியக் குடிமகன் வேறொரு ஒன்றிய நாட்டில் வாழ்ந்தால், வசிக்கும் நாட்டின் பட்டியலிலோ சொந்த நாட்டின் பட்டியலிலோ ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கலாம். இரண்டிலும் வாக்களிப்பது குற்றம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இரு நாடுகளிலிருந்தும் அட்டை வந்து சேரலாம். அட்டை வந்துவிட்டதாலேயே இருமுறை வாக்களிக்கும் உரிமை வந்துவிடாது. பொதுத்தேர்தலில் வாக்கில்லாத டென்மார்க் குடிமகனும் வேறொரு ஒன்றிய நாட்டில் இருந்தால் இந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியும். லண்டனில் இருந்தால் முடியாது.

இங்கிலாந்தில் வாழும் நெதர்லாந்து, ஜெர்மன், பிரெஞ்சுக் குடிமக்கள் 2020 டிசம்பர் 31-க்கு முன்பிருந்தே சட்டப்படி வசித்து வந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை தொடர்கிறது. பிறகு வந்தவர்களுக்கு, பிரிட்டனுடன் ஒப்பந்தம் செய்த ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து போன்ற சில நாட்டுக் குடிமக்கள் தவிர, அது இல்லை.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தபால் வாக்கு இருவழிப் பயணம். வாக்கு போய்ச்சேர வேண்டிய நாளிலிருந்து திரும்பத் தபாலுக்கு இரண்டு வாரம் கழியுங்கள். வரும் தபாலுக்கு இரண்டு வாரம். மிஞ்சும் தேதியில் வாக்குச்சீட்டு அச்சாகியே இருக்காது என்றால், தபாலை விட்டுவிட்டு பதிலாள், தூதரகச் சாவடி, இணையம், விரைவுத் தபால் ஆகியவற்றில் அந்த நாடு எதை அனுமதிக்கிறதோ அதற்கு மாறுங்கள். இந்த முடிவைத் தேர்தல் அறிவிப்பு வந்த வாரத்துக்குள் எடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, கடவுச்சீட்டின் காலாவதித் தேதி, தூதரகப் பதிவின் முடிவுத் தேதி, பதிவேட்டில் உள்ள முகவரி, கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரே அமர்வில் சரிபாருங்கள். வீட்டில் வாக்குரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஏனென்றால் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் 25 ஆண்டும் 10 ஆண்டும் 3 ஆண்டும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் முடிகின்றன.